கருமணலுக்கு வந்த சொந்தம்

கிட்ட வந்து உட்காருங்க, இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை.

இரும்பு வார்க்கிற பட்டறைக்குப் பின்னால் கருமணல் குவிந்து கிடந்தது. கொதிக்கிற இரும்பை எத்தனையோ தரம் மடியில் வாங்கிக் கறுத்துப்போய், இனி அச்சுக்கு ஆகாது என்று வெளியே கொட்டின மணல். மத்தியானம் லாரி வந்தால் குப்பைப் பள்ளத்துக்குப் போக வேண்டியதுதான்.

வரப்புக்கு அந்தப் பக்கம் களிமண் தோட்டம். மழைத்தண்ணி வடியாமல் தக்காளி நாற்றெல்லாம் தலை தொங்கி நின்றது.

"அண்ணே, என்னைச் சேர்த்துக்கங்க. என் இடுக்கு வழியா தண்ணி இறங்கிரும்," என்றது மணல்.

"வெந்துபோனவனுக்கு என் வீட்டுல என்ன வேலை? உன் வகையறா என்ன?" என்றது களிமண்.

தேங்கின தண்ணியில் மூச்சு முட்டி வரப்பில் ஏறின மண்புழு, மணலை ஒரு வாய் தின்று பார்த்தது.

"அட, இதுல களிமண் ருசி இருக்குதே!"

"ஆமா. அச்சு உதிராம இருக்க, களிமண்ணைப் போட்டுத்தானே என்னைப் பிசைவாங்க."

"கேட்டீங்களா பெரியவரே? உங்க ரத்தத்தைத்தான் லாரியில ஏத்தப் போறாங்க!"

களிமண் பதறிப்போனது. "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன மாப்பிள்ளை!" என்று வரப்பை இளக்கிவிட்டது. மணல் சரசரவென்று உள்ளே சரிந்தது. தேங்கின தண்ணி இறங்கியது. லாரி வந்தபோது அள்ள ஒன்றும் இல்லை.

ஓரத்தில் கிடந்த சாணி எரு மெல்லக் கேட்டது: "அப்ப நானு?"

"நீ யாரு, உன் வகையறா என்ன?" என்றது களிமண்.

மண்புழு ஊர்ந்து போய், எருவில் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி ருசி பார்க்க ஆரம்பித்தது.