இருபது அறைக் குகை

"லாகின்" என்றது பெட்டி.

மூக்கடைத்த வெள்ளைக்காரன் குரல். இரண்டு வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்டதும் புஷ்பவல்லிக்குக் குபுக்கென்று அழுகை வந்துவிட்டது.

பிறவியிலேயே கண் தெரியாதவள் அவள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். கம்ப்யூட்டர் திரையில் வரும் எழுத்தையெல்லாம் இந்தச் சின்னப் பெட்டி வாய்விட்டுப் படித்துக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், கடிதம் அடிப்பதும் விளையாடுவதுமாக ஒரே ராஜபோகம்தான்.

அப்புறம் விண்டோஸ் வந்தது. எழுத்து போய் எல்லாம் படமாயிற்று. பெட்டி வாயை மூடிக்கொண்டது. விண்டோஸைப் பேசவைக்க ஒரு புரோகிராம் இருக்கிறதாம். விலையைக் கேட்டவுடன் போனை வைத்துவிட்டாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்யும் தனலெட்சுமி, காலையிலேயே லினக்ஸ் சிடியும் கையுமாக புஷ்பவல்லியின் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். விண்டோஸை அடியோடு துடைத்துப் போட்டாள். லினக்ஸை ஏற்றினாள். பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை வாய் திறக்கவும் வைத்துவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

"நீ நல்லா இருக்கணும் தனம்" என்று அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள் புஷ்பவல்லி. பத்து விரலும் படபடவென்று சொடுக்கின.

சோறும் நெத்திலிச் சம்பலும் முடிந்ததும் இருவரும் விளையாட உட்கார்ந்தார்கள். லினக்ஸோடு சும்மா வந்த விளையாட்டு. படமே கிடையாது, எல்லாம் எழுத்து.

இருபது அறை கொண்ட குகை. ஏதோ ஒரு அறையில் மிருகம். அது பக்கத்து அறையில் இருந்தால் நாற்றமடிக்கிறது என்று பெட்டி சொல்லும். குழி இருந்தால் காற்றடிக்கிறது என்று சொல்லும். அதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு, எந்த அறைக்குள் போவது, எதற்குள் அம்பு விடுவது என்று எண்ணைத் தட்டவேண்டும். ஆளுக்கொரு முறை. முதலில் மிருகத்தைக் கொல்பவர் ஜெயித்தவர்.

"பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தே, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று புஷ்பவல்லி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

சொல்லாமல் என்ன செய்வது? நாற்பத்தோரு வருஷமாக எல்லாரும் அவளை ஜெயிக்க விட்டுக்கொண்டே இருந்தார்கள். தாயத்தில் அண்ணன். கம்பெனி குடும்ப தினத்தில் மேனேஜர். கைதட்டல் வேறு. அந்தக் கைதட்டலைக் கேட்டாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

முதல் ஆட்டத்தில் தனம் குழியில் விழுந்தாள்.

இரண்டாவதில், நாற்றம் அடித்த அறையைத் தாண்டி நேரே மிருகத்தின் வாய்க்குள்ளேயே போனாள்.

மூன்றாவதில் அம்பெல்லாம் வீண். நடுவில் ஓயாமல் பொத்தானைத் தட்டி, பெட்டியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள். திரையில்தான் எல்லாம் வரிசையாக நிற்குமே! நிமிர்ந்து பார்த்தால் முடிந்தது. கண் இருக்கிறவளுக்கு எதற்கு இந்த வேஷம்?

புஷ்பவல்லிக்கு உள்ளுக்குள் கொதிக்க ஆரம்பித்தது.

நான்காவது ஆட்டத்தில் தனம் மெல்லக் கேட்டாள். "நான் இப்ப எந்த ரூம்லக்கா இருக்கேன்?"

அவ்வளவுதான்.

"கண்ணு முன்னாடி எழுதியிருக்கு, என்னையக் கேக்குறியா? நடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணும் லா! நீ கெளம்பு."

"நடிக்கலக்கா. நெசமாவே தெரியல."

புஷ்பவல்லி தன் முறைக்கு அம்பை விட்டாள். மிருகம் செத்தது என்றது பெட்டி. அந்த வெற்றி அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

தனம் சிடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "வரேன்கா" என்றாள். கிரில் கதவு கிறீச்சிட்டு மூடியது.

நன்றியில்லாத ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள் புஷ்பவல்லி. பேச்சில்லாமல் கிடந்த வீட்டுக்குப் பேச்சைக் கொண்டுவந்தவளை இப்படியா விரட்டுவது? ஆனால் இவளுமா? மற்றவர்கள் செய்தால் பரவாயில்லை. தனமுமா?

மணி நாலு. திரை வீணாக எரிந்துகொண்டிருக்கும், அணைப்போம் என்று கை நீட்டினாள்.

மானிட்டரின் தலையில் கை பட்டது.

காலையிலிருந்து ஓடிய மானிட்டர் தோசைக்கல்லாகக் கொதிக்கவேண்டும். இது சில்லென்று கிடந்தது.

இரண்டு கையையும் வைத்துப் பார்த்தாள். முன்பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். எரிகிற திரை என்றால் சுருசுருவென்று கையில் ஏறும். ஒன்றுமில்லை.

பின்பக்கம் தடவி ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சுவரை எட்டவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஒயரை அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தது.

இவ்வளவு ஆறிக் கிடக்கிறதென்றால், தனம் சாப்பிட உட்காருவதற்கு முன்பே பிடுங்கியிருக்கிறாள்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவளும் காதால்தான் விளையாடியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, படுபாவி.

புஷ்பவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு காரிடாருக்கு ஓடினாள். வெளியே புது ரயில் நிலையத்துக்குத் தூண் இறக்குகிற இடி, டம் டம்மென்று. கம்பியைப் பற்றிக்கொண்டு, மூன்று மாடிக்குக் கீழே கேட்கும்படி கத்தினாள்.

"தனம்! ஏ தனம்!"

இரண்டு இடிக்கு நடுவில் கீழேயிருந்து குரல் வந்தது. "என்னக்கா?"

நன்றி சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"உனக்கு இந்த வெளையாட்டு சுத்தமா வரல லா! நாலுல ஒண்ணு கூட ஜெயிக்கல நீ! மேல வா, சொல்லித்தரேன்!"

சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.