படகு ஏன் வேண்டாம்?

ஹனோவருக்கு வெளியே இருக்கும் அரசாங்க ஏரியில், நாணலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற குகனேசனுக்குப் பற்கள் கிடுகிடுத்தன.

“வேட்டைக்கு அனுமதி எடுத்தாச்சு, துவக்கும் இருக்கு. ஒரு படகு எடுத்தால் குறைஞ்சே போயிடுவம், அண்ணை?”

“படகில போனால் வெட்டவெளியில தெரிவம். தலையைக் குனியும்!” என்றார் சிவபாதம்.

அவர் சுட்ட தாரா வாத்து தொப்பென்று விழுந்தது. எடுக்கப் பாய்ந்த குகனேசனைச் சட்டையில் பிடித்து இழுத்தார்.

“அசையாதையும்! கண்டால் எல்லாம் போச்சு.”

குகனேசன் அண்ணாந்து பார்த்தார். “வானத்தில ஒண்டையும் காணேல்லையே?”

“வானத்தில இல்லை, கரையில பாரும்.”

கரையில், அவர்கள் கோயிலுக்குத் தவறாமல் வரும் யோகேஸ்வரி அக்கா நடந்து போய்க்கொண்டிருந்தார். அன்று கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள். ‘சூரன்போர் முடியும்வரை வீட்டில் முட்டைகூட அவிக்கக்கூடாது’ என்று நேற்றுத்தான் கோயில் ஒலிவாங்கியில் முழங்கியிருந்தார் தலைவர் சிவபாதம். பக்கத்தில் நின்று தலையாட்டியவர் செயலாளர் குகனேசன். இப்போது அந்தத் தலை மூக்குவரை தண்ணீருக்குள் அமிழ்ந்தது.

அக்கா மறைந்ததும் பக்கத்து நாணல் விலகியது. கையில் இரண்டு தாராக்களோடு எட்டிப் பார்த்தார் அக்காவின் கணவர் பரமலிங்கம். ஆறு நாளும் தண்ணீர் மட்டுமே குடித்து விரதம் இருக்கிறார் என்று சனமெல்லாம் கையெடுத்துக் கும்பிடும் மனிதர்.

“மனிசி போயிட்டாளோ, தலைவர்?”