அரை டம்ளர்

குடியை விட்டவர்கள் கூடுகிற இடம் எதுவென்று கேட்க வாய் வராமல், தவசிமுத்து மாதா கோயில் வளாகத்தையே சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் காவலாளியே கூப்பிட்டு, "டீ வாசனை வருதுல்ல, அந்த ரூமுதான், போங்க" என்றார்.

உள்ளே எல்லோருக்கும் டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு வந்த லூர்து அண்ணன், அவனுக்கு மட்டும் பாதியோடு நிறுத்திக்கொண்டார். இங்கேயும் ஆளைப் பார்த்து அளந்துதான் ஊற்றுகிறார்கள் என்று தவசிமுத்துவுக்கு முகம் சுண்டிப்போனது. டம்ளரை எடுத்தான். காலையிலிருந்து குடிக்காத கை வெடவெடவென்று ஆடியது. தேநீர் விளிம்புவரை ஏறி ஏறி இறங்கியதே தவிர, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தலையைக் குனிந்தபடியே குடித்து முடித்தான்.

லூர்து அண்ணன் மறுபடி வந்து நின்றார். "மீதி அரை இருக்குல்ல தம்பி. நீட்டு."

ஆடுகிற கையை மறைக்காமல் நீட்டினான்.