ஒரே ஒரு அரியர்

“இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சா?” வேலையிலிருந்து வந்த அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

“ஆமாப்பா,” என்றான் மகன், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

“ஒரே ஒரு கணக்குப் பேப்பர். அதே பேப்பருக்கு மாடி வீட்டுப் பொண்ணுக்கு நீதானே சொல்லிக்குடுத்தே? அவ பாஸாகி வேலைக்கே போயிட்டா. உனக்கு மட்டும் மண்டையில ஏறாதா?”

“பரீட்சைன்னாலே கை நடுங்குதுப்பா.”

“உன் தங்கச்சியைப் பாரு. ஒரே வயித்துல பொறந்ததுதானே ரெண்டும்?”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

சற்று நேரத்தில் தங்கை மூச்சிரைக்க உள்ளே வந்தாள். “அண்ணா, என் ஆராய்ச்சியை ஏத்துக்கிட்டாங்க. நான் டாக்டர்.”

அன்று முதல் முறையாக அவன் சிரித்தான்.

அவள் குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இனிமே நீ வெறும் பேப்பரை நீட்டிட்டு வர வேண்டாம்ணா. நீ பாஸாகுற வரைக்கும் உன் காலேஜ் இலவசமாக் குடுத்த, என் ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட அந்தக் கணக்கு சாஃப்ட்வேர் இனி போனாப் போகட்டும். அதை விலைக்கு வாங்க வக்கில்லாமத்தானே உன்னைப் பாஸாக வேண்டாம்னு கெஞ்சினேன். அடுத்த தடவை ஒழுங்கா எழுதிடு.”

“அடுத்த தடவை இல்லை. பழைய பேட்ச் ஆளுங்க இனி அரியர் எழுத முடியாதாம். ரிசல்ட்டோட சேர்த்து இன்னைக்குத்தான் சொன்னாங்க.”

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

குளியலறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “டாக்டரம்மா வந்தாச்சா? உங்க அண்ணனுக்கும் அந்தக் கணக்கைக் கொஞ்சம் சொல்லிக்குடும்மா.”