துடுப்புக்குள் கை

திமிங்கிலத்தின் இடது துடுப்பில் மூன்று எலும்புகள் தப்பாக இருந்தன.

அவள் ஏணியில் நின்றபடியே கீழே பார்த்தாள். எலும்புக்கூட்டைக் கோத்துத் தொங்கவிட்ட அவள் கணவன், வால் பக்கம் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். மதியம் அருங்காட்சியக அதிகாரி பார்க்க வருவார்.

வெளியே பார்த்தால்தான் அது துடுப்பு. தோலையும் சதையையும் எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது கை. மணிக்கட்டு, உள்ளங்கை, விரல்கள் எல்லாம் உண்டு. கடலில் நீந்தி நீந்தி நீண்டுபோன விரல்கள். நம் விரலைப் போல மூன்று கணுவோடு நிற்காது. ஒரு கணு கூடினாலும் குறைந்தாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

எலும்புகளைச் சுரண்டிக் கழுவியவளுக்குத் தெரியும். விரல் நுனியில் இருந்த மூன்றும் தாயுடையவை அல்ல. வயிற்றுக்குள்ளேயே செத்துக் கிடந்த குட்டியுடையவை. குட்டியைக் காட்சிக்கு வைக்க வேண்டாம் என்று அதிகாரி சொன்னதால், அவள்தான் அந்த எலும்புகளைப் பெட்டியில் போட்டு அவனிடம் கொடுத்தாள்.

"கண்ண எங்க வச்சுட்டு வேல பாத்தீங்க? குட்டி விரலக் கொண்டுவந்து தாய் கையில செருகியிருக்கீங்க. மானம் போயிரும்."

"இருக்கட்டும், விடு." அவன் நிமிரவில்லை.

எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஏழாம் மாதத்தில் அவள் வயிற்றில் குழந்தை இறந்தபோதும் அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டான். கல்லோடு குடித்தனம் நடத்த முடியாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள். இந்த வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அவனிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

இடுக்கியால் முதல் எலும்பை நெம்பினாள். வரவில்லை.

துளை போட்டுக் கம்பியில் கோப்பதுதான் அவன் வழக்கம். இந்த மூன்றிலும் துளையே இல்லை. மெல்லிய நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தான். ஒன்றோடொன்று உரசாமலிருக்க நடுவில் பஞ்சு. முடிச்சுகள் எல்லாம் உள்பக்கம்.

தப்பாகச் செருகியவன் இப்படிக் கட்டமாட்டான்.

கீழே கம்பி முறுக்கும் சத்தம் நின்றிருந்தது.

குழந்தையின் முகத்தை அவளுக்கு யாரும் காட்டவில்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு தனியாகப் போய்ப் புதைத்துவிட்டு வந்தவன் அவன். அதைப் பற்றி அவளும் கேட்டதில்லை.

இடுக்கியைப் பையில் போட்டாள். ஏணியிலிருந்து இறங்காமலே, விரல் எப்படி இருந்தது என்று கேட்டாள். எந்த விரல் என்று அவன் கேட்கவில்லை.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சமாக விலக்கி, அவளுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினான்.