ஊரின் குரல்

கடல் உள்வாங்குவதைச் சைரன்காரர்தான் முதலில் பார்த்தார்.

கோபுர அறை ஜன்னலில் நின்று தொலைநோக்கியைத் திருப்பினார். துறைமுகத்துப் படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடந்தன. எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பாறைகள் வெளியே தெரிந்தன.



கீழே மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. நாட்டின் கலாச்சார நகரம் என்ற பட்டத்துக்கான கடைசிச் சுற்று. நடுவர்கள் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படுமே என்று கடற்கரை நாய்களைக்கூடக் குளிப்பாட்டி விட்டிருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் கட்டிய பெரிய பதாகையில் நீலக் கடல் வரைந்திருந்தது. நிஜக் கடலை அது மறைத்துக்கொண்டிருந்தது.

மேடையில் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டுக் குழு. இரண்டாம் வரிசையின் ஓரத்தில் அவருடைய ஒரே மகள். ஒன்பது வயது.

விழாக் குழுத் தலைவருக்குப் போன் செய்தார். அணைத்து வைத்திருந்தது. பாட்டு வாத்தியாருக்குச் செய்தார். அதுவும் அப்படித்தான். பாட்டுக்கு நடுவில் எவன் போனாவது அடித்தால் தொலைத்துவிடுவேன் என்று தலைவர் காலையிலேயே மைக்கில் மிரட்டியிருந்தார்.

சுனாமி எச்சரிக்கைக்கான சிவப்புப் பொத்தானில் கையை வைத்தார். பன்னிரண்டு வருட வேலையில் ஒத்திகைக்குத் தவிர அதைத் தொட்டதில்லை. அழுத்தினார்.

சைரன் ஊரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது.

யாரும் ஓடவில்லை.

நடுவர்கள் எழுந்து நின்றார்கள். கூட்டம் கைதட்டியது.

நிகழ்ச்சி நிரலில் கடைசி உருப்படியே அதுதான். பெயர் 'ஊரின் குரல்'. நான்கு மணிக்குச் சைரன் ஒலிக்கும், பிள்ளைகள் அதோடு சேர்ந்து பாடுவார்கள், யாரும் பயப்பட வேண்டாம் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். யோசனை சைரன்காரருடையது. அதைச் சொன்ன அன்று ஆளாளுக்கு அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

மணி மூன்று ஐம்பது. பத்து நிமிடம் முந்திவிட்டதே என்று பாட்டு வாத்தியார் திகைத்தார். பிறகு சமாளித்துக்கொண்டு கையை உயர்த்தினார். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள்.

சைரன்காரர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

மகளைத் தேடினார். மாதாமாதம் ஒத்திகையில் அவள்தான் முதல் ஆளாக மேட்டுக்கு ஓடுவாள். செருப்பைத் தேடாதே, யாரையும் கேட்காதே, ஓடு என்று அப்படிப் பழக்கியிருந்தார்.

தொலைநோக்கியில் தெரிந்தாள். அவள் பாடவில்லை. ஒரு கால் மேடைப் படியில் இறங்கியிருந்தது.

ஓடிவிடு என் தங்கமே. இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசி வீசிக் காட்டினார்.

மறுபடி பார்த்தபோது அவள் கோபுரத்தை நோக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பதிலுக்குக் கையாட்டினாள். காலை மேலே எடுத்து வரிசைக்குள் வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினாள்.

காலையில் தலை பின்னிவிடும்போது அவர்தான் சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு மட்டும் சைரன் கேட்டா ஓடாத கண்ணு. சும்மாதான். அப்பாதான் அடிக்கிறேன்."