போன் ஆறட்டும்

"சார்ஜர்ல சொருகிக்கிட்டே விளையாடாதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

மனைவி கத்தியது பல் டாக்டரின் காதில் ஏறவே இல்லை. விடுமுறை மத்தியானம். சோபாவில் குப்புறப் படுத்து, தலையணைமேல் செல்போனை வைத்துக்கொண்டு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். எதிராளி 'இடிமின்னல்'. ஊர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் வாராவாரம் இவரைத் துவைத்துக் காயப்போடுகிற ஆசாமி.

இன்றைக்குப் பந்தயம் வேறு. தோற்றவர் இனி ஜெயித்தவர் வைக்கிற பெயரில்தான் ஆட வேண்டும். கூடப் படித்த டாக்டர்கள் அத்தனை பேரும் இந்த ஆட்டத்தில்தான் பொழுதைக் கழிக்கிறார்கள். அங்கே இவருக்கு இருக்கும் 'சுண்டுவிரல் சூரர்' என்ற பெயர் போனால் மானம் கப்பலேறிவிடும்.

"இன்னும் மூணே காய்தான்! இப்ப அவன் முறை, முழிச்சுக்கிட்டு இருக்கான். இன்னிக்கு அவனை ஒரு வழி பண்ணிடறேன் பாரு!"

"முதல்ல போனைத் தொட்டுப் பாருங்க. இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது. பேட்டரி உப்பிப்போச்சுன்னா?"

அவள் தீயணைப்பு நிலையத்தில் போன் எடுத்துப் பேசுகிறவள். எங்கே எது பற்றி எரிந்தாலும் முதலில் அவள் காதுக்குத்தான் வரும்.

"ஒரு மனுஷன் இப்படித்தான் மெத்தைமேல சார்ஜ் போட்டுட்டுக் குளிக்கப் போனாராம். வந்து பார்த்தா பாதி மெத்தையைக் காணோம்!"

சொன்னதோடு விடவில்லை. ஸ்விட்சை அணைத்து, சார்ஜரை உருவிக்கொண்டு, "எனக்குத் தலைவலி, படுக்கப் போறேன்" என்று படுக்கையறைக்குள் புகுந்து கதவைச் சாத்திவிட்டாள். பேட்டரியில் மிச்சம் ஏழு சதவீதம்.

போதாக்குறைக்கு 'இடிமின்னல்' இப்போது அநியாயத்துக்கு யோசித்தான். ஒவ்வொரு அடிக்கும் கடைசி நொடி வரை காக்க வைத்தான்.

'சீக்கிரம் ஆடுடா தடியா!' என்று எழுதி அனுப்பினார் டாக்டர்.

'அவசரப்படாதீங்க சூரரே' என்று பதில் வந்தது.

ஐந்து சதவீதம். டாக்டர் சிவப்பைப் போட்டார்! கூடவே இன்னொரு காயையும் போட்டார்! சோபாமேல் ஏறி நின்று ஒரு குத்தாட்டமும் போட்டார். அடுத்த அடி தவறியது. பாக்கி ஒரே ஒரு காய். மறுபடியும் அவன் முறை, மறுபடியும் அதே ஆமை வேகம். இரண்டு சதவீதம்.

படுக்கையறைக் கதவைத் தட்டினார்.

"ராஜாத்தி! அஞ்சே அஞ்சு நிமிஷம் சார்ஜரைக் குடும்மா!"

"போன் ஆறட்டும். சூட்டோட சொருகக் கூடாது."

"என் தங்கமில்ல? மானப் பிரச்சினைம்மா!"

"கத்தாதீங்க, தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது."

ஒருவழியாக இவர் முறை வந்தது. காய் குழி வாசலிலேயே நின்றது, ஊதினால் விழுந்துவிடும். ஊராரின் கடைவாய்ப் பல்லை அசராமல் பிடுங்குகிற கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். குறி பார்த்தார், விரலை வைத்தார்.

திரை கறுத்துப்போனது.

பாதியில் காணாமல் போனால் தோல்வி என்பது விதி. டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அழுகை அழுகையாக வந்தது.

சற்று நேரத்தில் மனைவி வந்து சார்ஜரை நீட்டினாள்.

"இப்ப ஆறியிருக்கும். மேஜைமேல வெச்சுப் போடுங்க, தலையணைப் பக்கமே கொண்டுபோகாதீங்க."

"தலைவலி எப்படி இருக்கு?" என்றார் ஈனசுரத்தில்.

"பறந்தே போச்சுங்க!" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

போன் உயிர்பெற்றதும் 'இடிமின்னல்' அனுப்பிய செய்தி வந்து விழுந்தது.

'இனிமே உங்க பேரு ஈரத்துண்டு. குளிச்சுட்டுக் கட்டில்மேலயே போட்டு வெச்சிருக்கீங்க, வந்து எடுத்துக் கொடியில காயப்போடுங்க!'